வயல் யூரியா குடித்த வேன்

தென்காசி ரயில் நிலைய வாசலில் என்னை ஏற்றிக்கொண்ட வேனை முதலில் ஒரு சைக்கிள் முந்தியது. பிறகு கொய்யாப்பழம் விற்கும் தள்ளுவண்டி ஒன்று முந்தியது. அந்த வண்டிக்காரர் போகிற போக்கில் ஜன்னல் பக்கம் குனிந்து, "சாருக்கு எந்தூரு?" என்று விசாரித்தார். நான் "மலேசியா" என்றேன். "நல்லது, பைய வாங்க" என்று சொல்லிவிட்டு எங்களைக் கடந்து போய்விட்டார்.

வேனை ஓட்டியவர் குமரேசன். என் சித்தி மகள் வள்ளியின் கணவர். வேன் அவருடைய சொந்த வேன், டூரிஸ்ட் வண்டி. வெள்ளை வெளேரென்று, துடைத்துத் துடைத்துப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் காலை எவ்வளவு அழுத்தினாலும் அது தன் பாட்டுக்கு உருண்டது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அதப் பாக்காதிய மச்சான். பாத்தா நமக்குத்தான் வருத்தம்" என்றார்.

பார்க்காமல் எப்படி இருப்பது? ஈப்போவில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் நான். மஞ்சள் விளக்கும் சிவப்பு விளக்கும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. சொல்லப்போனால் நான் வந்த காரணமே அந்த விளக்குதான். ஒரு மாதத்துக்கு முன் குமரேசன் போன் செய்து, "சாரல் விழுந்துட்டு மச்சான், குற்றாலத்துல வந்து ஒரு குளி குளிச்சிட்டுப் போங்க" என்று அழைத்தார். நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சி அடங்கும் முன்பே, "வரும்போது ஒரு சின்ன டப்பா மட்டும் வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

விஷயம் இதுதான். இந்தக் காலத்து டீசல் வண்டிக்கு டீசல் மட்டும் போதாது. புகையின் நஞ்சைக் குறைக்க, யூரியா கரைத்த சுத்தமான நீரைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வண்டி அதைப் புகைக்குழாய்க்குள் தூறலாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். பங்கில் வாளி வாளியாக விற்கிறார்கள். யூரியா என்ற பெயரைக் கேட்டதும் குமரேசனுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. மாமனாருக்கு இலஞ்சியில் வயல். வீட்டுக் கொட்டகையில் யூரியா மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது.

"நெல்லுப் பயிரே ஏத்துக்கிடுது. இரும்பு ஏத்துக்கிடாதா மச்சான்?"

வயலுக்கு வரும் யூரியா வேப்பெண்ணெய் பூசி வருவது. அதை அவர் குறையாகவே எண்ணவில்லை. "வேம்பு நல்லதுல்லா. தொட்டியில பூச்சி கீச்சி அண்டாது" என்றார். கரைத்த தண்ணீரும் லேசுப்பட்டது அல்ல. ஐந்தருவியில் குடம் வைத்துப் பிடித்தது. மூலிகை உரசி வரும் தண்ணீர் மனிதனின் மூட்டுவலிக்கே கேட்கும்போது வேனுக்குக் கேட்காதா? இரண்டையும் கலக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி, பயபக்தியோடு ஊற்றியிருக்கிறார்.

வேன் சில நாள் வாய் திறக்கவில்லை. பிறகு மஞ்சள் விளக்கு வந்தது. பிறகு கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டு இன்ஜினின் கழுத்தைப் பிடித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்த்தால் உள்ளே கல்கண்டு மாதிரி கட்டிக் கிடந்ததாம். பம்ப், பீச்சுகிற குழாய் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும். அது சீசன் முடிந்துகூட வரலாம்.

அங்கேதான் இடித்தது. குற்றாலத்தில் வேன் வைத்திருப்பவர்களுக்குச் சாரல் விழும் மாதங்கள்தான் வருடம். மிச்ச மாதங்களில் கல்யாணம், காதுகுத்து என்று ஏதோ ஓடும். அருவியில் தண்ணீர் கொட்டும்போது வேன் வீட்டில் நின்றால் அந்த வருடமே நின்றதுபோலத்தான். அதனால்தான் டப்பா. வேனின் கம்ப்யூட்டர் "யூரியா பீச்சியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த டப்பா "ஆச்சு, ஆச்சு" என்று பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு வேலை அதற்குக் கிடையாது. எங்கள் ஊரிலும் சட்டத்துக்கு ஆகாத சாமான்தான். கடையில் வெளியே வைத்து விற்கமாட்டேன். உள்ளே வைத்திருப்பேன்.

"வள்ளிக்குத் தெரியுமா?" என்றேன்.

குமரேசன் சாலையை மிகுந்த கவனத்தோடு பார்த்தார். அந்த வேகத்தில் அவ்வளவு கவனம் தேவையே இல்லை.

வள்ளி போக்குவரத்துப் பிரிவில் எஸ்.ஐ. சீசன் முழுக்க அவளுக்குக் குற்றாலத்தில்தான் டியூட்டி. சாமான் வரத் தாமதமாகும் என்று தெரிந்த அன்றே அவள் கணவரிடம் சொல்லிவிட்டாளாம்: "சாமான் வரட்டும், ஒழுங்கா மாத்துங்க. எவங்கிட்டயாவது கொடுத்துக் கள்ளத்தனம் பண்ணிப் புகை விட்டுக்கிட்டு வந்தியன்னா, புருசன்னு பாக்கமாட்டேன். நானே எழுதிருவேன்."

"சும்மா சொல்லுதா மச்சான்" என்றார் குமரேசன். சொன்னவரின் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

அன்று சாயங்காலம் இலஞ்சி வீட்டில் பெட்டியைத் திறந்தேன். டப்பாவை ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பிஸ்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. ஆனால் வள்ளி போலீஸ்காரி. டின்னைக் கையில் வாங்கியவுடனே தூக்கிப் பார்த்து, "என்ன அண்ணே, பிஸ்கட் இந்தக் கனம் கனக்கு?" என்றாள். மூடியைத் திறந்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டாள். வயர் தொங்கத் தொங்க டப்பா வெளியே வந்தது.

"கொசு விரட்டுற மெஷின்" என்றேன். என் வாயில் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

குமரேசன், "ஆமா, சத்தத்துலயே ஓடிரும். மலேசியாவுல எல்லா வீட்டுலயும் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். வள்ளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி போய்விட்டாள். தங்கையிடம் பொய் சொன்ன வருத்தம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் அவியலும் வறுத்த மோர் மிளகாயும் இருந்ததால் வருத்தம் சற்று ஒதுங்கி நின்றது.

மறுநாள் அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும் நாங்கள் செங்கோட்டைக்கு உருண்டோம். அங்கே பாபு என்று ஒரு மெக்கானிக். பாதித் தமிழ், பாதி மலையாளம், முழுத் தைரியம். டப்பாவைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்து, "சாரே, இது சாதனம்!" என்று மலையாளத்தில் மெச்சினார். அரை மணி நேரத்தில் பொருத்தியும் விட்டார். மஞ்சள் விளக்கு அணைந்தது. குமரேசன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாபு விடவில்லை. "இத்தன நாள் ஊர்ந்து ஓடினதுல புகை வடிகட்டி மொத்தமா அடைச்சிட்டு. அதையும் உள்ளருந்து எடுத்துக் களஞ்சிருவோம். கம்ப்யூட்டர்ல டீசலையும் கொஞ்சம் கூட்டி விடுதேன். பின்ன பாருங்க, மலை ஏறுதது இறங்குத மாதிரி இருக்கும்" என்றார். குமரேசன் என் முகத்தைப் பார்த்தார். உதிரிபாகக் கடைக்காரன் என்ற முறையில் நான் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். மாறாக, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

காத்திருந்த நேரத்தில் பரோட்டா சாப்பிடப் போனோம். எல்லைப் பக்கத்துப் பரோட்டா சின்னதாக, கையகலத்தில், பொரபொரவென்று இருக்கிறது. அதன்மேல் நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றுவதில்லை, கொட்டுகிறார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் பெரிது, மெத்தென்றது, பருப்புக் குழம்பில் மரியாதையாகத் தொட்டுக்கொள்வது. இங்கே மரியாதைக்கு இடமில்லை. ஐந்தாவதைப் பிய்த்துப் போட்டவர், "இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிட்டார். பக்கத்து மேசையில் இரண்டு மலையாளிகள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் "இந்தக் கோழிக்காகத்தான் நான் மலை இறங்கி வருகிறேன், என் மனைவி அருவிக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். மற்றவர் "என் மனைவிக்குத் தெரியும், அதனால்தான் கூட வருவதில்லை" என்றார்.

திரும்பி வந்தபோது வேன் தயார். சோதனை ஓட்டத்துக்குப் புளியரை எஸ் வளைவு வரை போனோம். மலைச் சரிவில் சாலை பாம்பாக நெளிந்து கேரளத்துக்குள் ஏறுகிற இடம் அது. கேரளத்துக்குப் போகும் லாரிகள் அங்கே முக்கி முனகி ஏறும். எங்கள் வேன் ஒரு லாரியை முந்தியது. இன்னொன்றை முந்தியது. நான் சீட்டோடு ஒட்டிக்கொண்டேன். குமரேசன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதை மறைக்கப் போவதில்லை.

கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த லாரியைக் காணவில்லை. கறுப்பாக ஒரு திரைதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் லாரி அதைக் கிழித்துக்கொண்டு வந்தது, ஓட்டுநர் கையை வெளியே நீட்டி எங்களை நோக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தமிழா மலையாளமா என்று தெரியவில்லை. அர்த்தம் இரண்டிலும் ஒன்றுதான்.

"மாப்ள, பின்னால கொஞ்சம் புகை போகுதே" என்றேன்.

"சாரல்ல அமுங்கிரும் மச்சான்" என்றார்.

மூன்றாம் நாள் காலை வள்ளி சீருடையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி கொசு எப்படி இருந்துது அண்ணே?" என்றாள். "ஒன்றுகூட இல்லை" என்றேன். "அப்படியா? நம்ம வீட்டுல எப்பவுமே கொசு கெடையாதே" என்று சொல்லி, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள். குமரேசன் இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தார்.

அன்றுதான் சீசனின் முதல் சவாரி. கொல்லம் பக்கத்திலிருந்து ரயிலில் வந்த எட்டுப் பேர். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், பழைய நண்பர்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர்கள் அவரை "மாஷே" என்றார்கள். வண்டி பிடித்துப்போனால் சீசன் முழுவதும் தன் ஊர்க்காரர்களை இவருக்கே அனுப்புவதாக அவர் போனிலேயே சொல்லியிருந்தார். அதனால் குமரேசன் புதுச் சட்டை போட்டு, டாஷ்போர்டு முருகனுக்குப் புது மாலை போட்டு, என்னையும் "கைடு" என்று அறிமுகப்படுத்தினார். குற்றாலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நாள்தான்.

போகும் வழியெல்லாம் வாத்தியார் வேனைப் புகழ்ந்தார். "என்ன இழுப்பு! நம் ஊர் வண்டி இந்நேரம் மூச்சு வாங்கியிருக்கும்" என்று மலையாளத்தில் மற்றவர்களிடம் சொன்னார். பின் சீட்டிலிருந்த ஒருவர் மட்டும், "மாஷே, எனக்குக் கொஞ்சம் டீசல் மணக்கிறது" என்றார். வாத்தியார் அவரிடம், "உனக்கு வீட்டிலும் எப்போதும் ஏதாவது மணக்கும்" என்றார்.

ஐந்தருவி போகும் சாலையோரத்துப் பழக்கடையில் நிறுத்தினோம். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன். நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பின்புறம் ரம்புட்டான் விழுந்து சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்று பருவத்துக்குப் பருவம் ஆள் வைத்து வாருகிறோம். இங்கே அதை எடை போட்டு, ஈரத்துணி போர்த்தி, குழந்தைபோல வைத்திருக்கிறார்கள். துரியனின் விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "பிள்ளை இல்லாதவங்களுக்கு மருந்துல்லா சார். ஒரு பழம் தின்னா போதும்" என்றார் கடைக்காரர். வாழ்நாளில் நான் தின்ற துரியன்களை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி எனக்குத் தனியாக ஒரு பள்ளிக்கூடமே தேவைப்பட்டிருக்கும். எனக்கு இருப்பது ஒரே மகள்.

ஐந்தருவியில் எட்டுப் பேரும் குளித்து, நடுங்கி, சுக்குக்காபி குடித்து, மிளகாய் பஜ்ஜி தின்று, பரமானந்தமாக வேனில் ஏறினார்கள். வேன் நின்ற இடத்துக்குப் பின்னால் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவர்களின் பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. கோவணம் கட்டிய ஆட்கள் தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய, அருவிக்குப் போவதற்காக எழுந்து நின்றார்கள். பார்க்கவே வழுக்கும். எண்ணெய், சோப்பு தேய்த்து அருவியில் குளிக்கக் கூடாது என்ற பெரிய போர்டு அவர்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது.

குமரேசன் சாவியைத் திருப்பினார். முன்னால் சிறு ஏற்றம். எட்டுப் பேரும் பார்க்கிறார்கள் என்ற உற்சாகத்தில் காலை ஓர் அழுத்து அழுத்தினார்.

வேன் உறுமியது. பின்னால் 'புஸ்' என்றது. அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தேன். எண்ணெய் பூசி நின்றவர்கள்மேல் கரி முழுதாக அப்பியிருந்தது. சாதாரண உடம்பென்றால் பாதி காற்றோடு போயிருக்கும். எண்ணெய் ஒரு துளியையும் விடவில்லை. ஆறேழு கரிச்சட்டிகள் கோவணம் கட்டி நின்றதுபோல இருந்தது. கண்களும் பற்களும் மட்டும் தெரிந்தன. பற்கள் தெரிந்தது சிரிப்பதால் அல்ல.

"ஏலே, வண்டிய நிறுத்துலே!"

வழுக்கிக்கொண்டே ஓடிவந்து வேனை மறித்தார்கள். ஒருவர் கண்ணாடியில் அடித்தார், முழுக் கையும் பதிந்தது. இன்னொருவர், "போலீஸ கூப்பிடுங்கவே, இவன விடக்கூடாது" என்று கத்தினார். கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருபது அடி தள்ளி முனையில் விசிலோடு நின்ற எஸ்.ஐ. ஏற்கெனவே நடந்து வந்துகொண்டிருந்தாள். வேனின் நம்பரை அவள் பார்த்த கணம் எனக்குத் தெரிந்தது. நடை ஒரு தட்டு தட்டியது. பிறகு பழையபடி வந்தாள்.

குமரேசன் கீழே இறங்கி நின்றார். கரிபூசிய கூட்டம் அவளிடம் ஒரே குரலில் முறையிட்டது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன். வெளியூர்க்காரன் முகத்தை வைத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு மேலிருந்த போர்டை உரக்கப் படித்தேன். "எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கத் தடை. மீறினால் நடவடிக்கை. அப்படியென்றால் இவர்கள் பெயரையும் எழுதுவீர்களா மேடம்?"

கூட்டம் திரும்பிப் போர்டைப் பார்த்தது. பிறகு தன் உடம்பைப் பார்த்தது. சத்தம் குறைந்தது. "சரி விடும்வே, என்ன இப்ப, கழுவினா போவுது" என்று ஒருவர் சொன்னார். ஒவ்வொருவராக விலகி நின்றார்கள். வேனுக்குள்ளிருந்து வாத்தியார், "அபாரம்!" என்றார். குமரேசன் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"எங்க போறிய?" என்றாள் வள்ளி.

"புகார் இல்லல்லா" என்றார்.

"புகார் இல்லன்னா என்ன? எனக்குக் கண்ணு இருக்குல்லா." கையிலிருந்த அபராதச் சீட்டு மெஷினில் நம்பரைத் தட்ட ஆரம்பித்தாள். "இவுக போயிருவாக. நாளைக்கு வேற போலீசு பாத்தா, எஸ்.ஐ. வீட்டு வண்டின்னு சல்யூட் அடிச்சு விட்டுருவான். நான் ஊர்க்காரன் வண்டிய எல்லாம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிறுத்துவேன்?"

"வள்ளி, சீசன் போயிரும்" என்றார் குமரேசன். அவர் கெஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் டப்பாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, "நீங்க பேசாண்டாம் அண்ணே" என்றாள்.

மெஷின் சீட்டைத் துப்பியது. கிழித்துக் கணவரிடம் நீட்டினாள். "சாமான் போட்டு, சரி பண்ணிக் காட்டுத வரைக்கும் வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். முகத்தை அருவிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது அவள் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

எடுத்துப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். அபராதச் செய்தி வண்டிக்காரரின் பதிவு செய்த நம்பருக்குப் போகும். குமரேசன் சிம் கார்டை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்பதால், வண்டி வாங்கியபோது வள்ளியின் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

குமரேசன் திரும்பிப் பார்க்காமலே, "யாரு?" என்றார்.

"நம்ம வண்டி புகை விட்டுட்டாம். பிடிச்சிட்டாவளாம்."

"யாராம் பிடிச்சது?"

"யாரோ ஒரு எஸ்.ஐ.யாம்" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், சாரலைத் துடைப்பதுபோல.

குமரேசன் அவளைப் பார்த்தார். பிறகு சீட்டை நாலாக மடித்துப் புதுச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். "சரி. அந்த எஸ்.ஐ. ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வருவால்லா, கேட்டுக்கிடுதேன்" என்றார்.

பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எங்கள் வேன் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. குமரேசன் சாவியை எடுக்க, "ஸ்டார்ட் பண்ணாண்டாம், தள்ளுங்க" என்றாள்.

வாத்தியாரும் நண்பர்களும் இறங்கினார்கள். நான் போனேன். கரிபூசிய ஆட்களில் இரண்டு பேர், "தள்ளும்வே, என்ன செய்ய" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எண்ணெய்க் கை வழுக்கியதே தவிர வேன் அசையவில்லை. இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தாள் வள்ளி. வேன் உருண்டது.